உரிம அலுவலகத்தில் காத்திருந்த நேரத்துக்குப் பதிவு உண்டா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறேன். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க இரண்டு முறை சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு எங்கள் பகுதி அலுவலகத்துக்குச் சென்றேன். முதல் முறை வேலை முடியாமலே திரும்ப வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை வாசலில் ஒரு மணி நேரமும் உள்ளே இரண்டு மணி நேரமும் காத்திருந்தேன். ஆனால் துறையின் இணையதளமோ சராசரிக் காத்திருப்பு 25 நிமிடம் என்கிறது. எங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடம் இதை வெறும் புகாராக அல்லாமல், அலுவலகத்தின் சொந்தப் பதிவுகளோடு கொண்டுபோக விரும்புகிறேன். தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் எப்படிக் கேட்பது?

பதில்: இணையதளம் சொல்லும் 25 நிமிடமும் நீங்கள் நின்ற மூன்று மணி நேரமும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பு நேரத்தை டோக்கன் கொடுக்கும் கணினி கணக்கிடுகிறது என்றால், டோக்கன் அச்சான நொடியிலிருந்து அந்த எண் அழைக்கப்படும் நொடிவரை மட்டுமே அதற்குத் தெரியும்; வாசலில் நின்ற ஒரு மணி நேரம் அதன் கணக்கில் ஏறாது. உள்ளே இருந்த இரண்டு மணி நேரமோ, முன்பதிவு செய்துகொண்டு வந்து ஐந்து நிமிடத்தில் வேலை முடித்துப் போனவர்களோடும், மாநிலத்தின் பிற அலுவலகங்களோடும் சேர்த்துச் சராசரியாக்கப்படும்போது கரைந்துபோகிறது. ஐந்து பேர் முறையே 10, 10, 15, 20, 145 நிமிடங்கள் காத்திருந்தால் சராசரி 40 நிமிடம், இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 15 நிமிடம். 145 நிமிடம் நின்றவர் இந்த இரண்டு எண்களிலும் தென்படமாட்டார். ஆகவே துறையிடம் சராசரியைக் கேட்காதீர்கள். அந்தச் சராசரி எதிலிருந்து கணக்கிடப்பட்டதோ, ஒவ்வொரு டோக்கனுக்குமான அந்தப் பதிவு வரிகளைக் கேளுங்கள்.

அடுத்தது, எந்தச் சட்டம் என்பது. நீங்கள் குறிப்பிடும் தகவல் சுதந்திரச் சட்டம் 1966ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம். அது வாஷிங்டன் டி.சி.யிலுள்ள நடுவண் அரசின் நிர்வாகத் துறைகளையே கட்டுப்படுத்தும். ஓட்டுநர் உரிமம் மாநில அரசின் பொறுப்பு என்பதால், உங்கள் மாநிலத்தின் பொதுப் பதிவுகள் சட்டத்தைச் சுட்டியே எழுத வேண்டும். யாருக்கு எழுதுவது என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியாவில் அது மோட்டார் வாகனத் துறை, டெக்சஸில் பொதுப் பாதுகாப்புத் துறை, வாஷிங்டன் மாநிலத்தில் உரிமத் துறை, இல்லினாயிலும் மிச்சிகனிலும் மாநிலச் செயலர் அலுவலகம். உள்ளூர் அலுவலகத்தின் கவுண்ட்டரில் கடிதத்தைக் கொடுப்பதைவிட, தலைமையகத்தில் பொதுப் பதிவுகளுக்கென உள்ள அலுவலருக்கு அனுப்புவதே நல்லது. நாள் கணக்கு அங்கிருந்து தெளிவாகத் தொடங்கும்.

இப்போது கடிதம். இந்தச் சட்டங்களின்கீழ் அதிகாரி ஏற்கெனவே உள்ள பதிவைத் தரக் கடமைப்பட்டவரே தவிர, உங்கள் கேள்விக்கு விடை எழுதித்தரக் கடமைப்பட்டவர் அல்லர். “மக்கள் ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள்?” என்று கேட்டால், அப்படியொரு பதிவு இல்லை என்று இரண்டே வரிகளில் முடித்துவிடலாம், அந்தப் பதிலில் சட்டப்படி தவறும் இராது. கடிதத்தை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், அதன் சாரம் இவ்வாறு இருக்கட்டும்:

“குறிப்பிட்ட அலுவலகத்தில், குறிப்பிட்ட மூன்று மாதங்களில் வழங்கப்பட்ட ஒவ்வொரு டோக்கனுக்கும் வரிசை மேலாண்மைக் கணினியில் பதிவான தேதி, சேவையின் வகை, முன்பதிவு உண்டா இல்லையா என்ற குறிப்பு, டோக்கன் வழங்கிய நேரம், அழைத்த நேரம், சேவை முடிந்த நேரம், சேவை பெறாமலே சென்றுவிட்டதாகக் குறிக்கப்பட்டிருந்தால் அந்தக் குறிப்பு ஆகியவற்றை விரிதாள் கோப்பாகத் தரவும். பெயர், முகவரி, உரிம எண் எதுவும் வேண்டாம். இந்தப் பத்திகளின் (விரிதாளின் நெடுவரிசைகளின்) பொருளை விளக்கும் கையேடு இருந்தால் அதையும், அதே மூன்று மாதங்களில் ஒவ்வொரு நாளும் எத்தனை கவுண்ட்டர்கள் இயங்கின என்பதைக் காட்டும் பணி அட்டவணையையும் தரவும்.”

சேவை பெறாமல் சென்றவர்கள் பற்றிய குறிப்பை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். முதல் முறை வெறுங்கையோடு திரும்பிய உங்களைப் போன்றவர்கள் பதிவில் எங்காவது இருப்பார்கள் என்றால், அந்தப் பத்தியில்தான் இருப்பார்கள். மணிக்கணக்கில் கூலி வாங்குபவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வந்தவர், வேறொருவர் காரில் ஏறிவந்த முதியவர் ஆகியோரே பாதியில் எழுந்துபோக நேர்கிறது என்பதால், சட்டமன்ற உறுப்பினர் கட்டாயம் பார்க்க வேண்டிய எண்ணாக நான் கருதுவது இதையே. வாசலில் நின்ற நேரத்துக்குக் கணினிப் பதிவு கிடைக்காமல் போகலாம். அதற்கு வாசலில் வரிசை நின்றது குறித்து ஊழியர்களும் மேலாளரும் அனுப்பிக்கொண்ட மின்னஞ்சல்களையும், அந்த மாதங்களில் வந்த புகார்களையும் தனியாக ஒரு கடிதத்தில் கேளுங்கள். மின்னஞ்சல்களைப் படித்து மறைக்க வேண்டியதை மறைத்துத் தர நாளாகும் என்பதால், இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் எளிதில் கிடைக்கக்கூடிய விரிதாளும் தாமதமாகும்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். உள்நாட்டு விமானப் பயணத்துக்கு, கூட்டாட்சி அரசு வகுத்த ‘ரியல் ஐடி’ தரத்திலான அடையாள அட்டையைக் கேட்பது 2025 மே 7 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் உரிம அலுவலகங்களில் கூட்டம் அலைமோதியது. அந்த வாரங்களை மட்டும் கேட்டால், அது விதிவிலக்கான காலம் என்று துறை எளிதில் ஒதுக்கிவிடும். சாதாரணமான மூன்று மாதங்களைக் கேளுங்கள்.

“ஓட்டுநர்களின் தனியுரிமை காரணமாகத் தர இயலாது” என்ற மறுப்பு வரக்கூடும். 1994ஆம் ஆண்டின் ஓட்டுநர் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் காப்பது மோட்டார் வாகனப் பதிவுகளில் உள்ள தனிநபர் விவரங்களை. பெயரோ உரிம எண்ணோ இல்லாத டோக்கன் நேரங்கள் யாரையும் அடையாளம் காட்டுவதில்லை. பெயரும் உரிம எண்ணும் வேண்டாம் என்று கடிதத்திலேயே எழுதச் சொன்னது இதற்காகத்தான். சில பத்திகளை மறைக்க வேண்டியிருந்தால் அவற்றை மட்டும் மறைத்து மீதியைத் தருமாறும், மறைத்ததற்கான சட்டப் பிரிவைக் குறிப்பிடுமாறும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பதில் தருவதற்கான கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வாஷிங்டன் மாநிலத்தில் ஐந்து வேலை நாட்களுக்குள் ஏதேனும் ஒரு பதில் வந்தாக வேண்டும், ஆனால் இன்னும் இத்தனை நாள் ஆகும் என்ற மதிப்பீடும் பதிலாகவே கொள்ளப்படும். கலிபோர்னியாவில் பதிவைத் தரலாமா என்று முடிவு செய்ய 10 நாட்கள், தேவைப்பட்டால் மேலும் 14 நாட்கள். டெக்சஸில் மறுக்க விரும்பும் துறை, பொதுவாக 10 வேலை நாட்களுக்குள் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் தீர்ப்பைக் கேட்க வேண்டும். கட்டணத்தைப் பொறுத்தவரை, தரவுத்தளத்திலிருந்து பிரித்தெடுக்க நிரல் எழுத வேண்டியிருந்தால் அந்தச் செலவைக் கேட்பவரே ஏற்க வேண்டும் என்று கலிபோர்னியச் சட்டம் கூறுகிறது; எனவே எந்த மாநிலமாக இருந்தாலும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் முதலில் மதிப்பீட்டைத் தெரிவிக்குமாறு எழுதுங்கள். பழைய பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு அட்டவணை உண்டு, அந்தக் காலம் முடிந்தபின் அவை அழிக்கப்படலாம் என்பதால், கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சட்டமன்ற உறுப்பினரிடம் போவது வீண் முயற்சி அல்ல. 2018 கோடையில் கலிபோர்னியாவின் மோட்டார் வாகனத் துறை அலுவலகங்களில் நீண்ட வரிசைகள் குறித்து மக்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் தொடர்ந்து குரல் எழுப்பிய பிறகே, அந்த ஆண்டு செப்டம்பரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் தணிக்கைக்கு உத்தரவிட்டார்.

கேள்வி: நான் விசாவில் இருப்பவன், குடியுரிமை பெற்றவன் அல்லன். நான் இப்படிக் கேட்கலாமா? ஏன் கேட்கிறாய் என்று விசாரிப்பார்களா?

பதில்: பெரும்பாலான மாநிலங்களில் ‘எந்த நபரும்’ கேட்கலாம், குடியுரிமை தேவையில்லை. வர்ஜீனியா போன்ற சில மாநிலங்கள் இந்த உரிமையைத் தம் மாநிலத்தவர்க்கு வரையறுத்துள்ளன, அது செல்லும் என்று 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் மாநிலச் சட்டத்தில் ‘யார் கேட்கலாம்’ என்ற பிரிவை முதலில் படித்துவிடுங்கள். பொதுவாகக் காரணம் சொல்லத் தேவையில்லை. வாஷிங்டன் போன்ற மாநிலங்களில், பெயர்ப் பட்டியலை வணிகத்துக்காகக் கேட்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, காரணத்தை விசாரிக்கவே கூடாது. கடிதத்தில் விசா நிலை, வேலை, பட்ட சிரமம் எதையும் எழுதாதீர்கள். நீங்கள் அனுப்பும் கடிதமும் ஒரு பொதுப் பதிவு, அதை வேறொருவர் கேட்டு வாங்கிப் படிக்க முடியும். பெயர், பதில் அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரி, வேண்டிய பதிவுகளின் விவரம் ஆகியவையே போதும்.