ஏஜென்ட் காட்டும் ரெரா எண் யாருடையது?

கேள்வி: செங்கல்பட்டு பக்கம் ஒரு புது மனைப்பிரிவில் 24 லட்சம் ரூபாய்க்கு ஒரு மனை பார்த்திருக்கிறோம். எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவர், மனைப்பிரிவு போட்டு விற்கும் புரமோட்டரிடம் சம்பளத்துக்கு இருப்பவர் இல்லை, தனியாகத் தொழில் செய்யும் புரோக்கர். ‘நான் லைசென்ஸ் உள்ள ஏஜென்ட், எல்லாம் ரெரா அப்ரூவ்டு’ என்று சொல்லி, விசிட்டிங் கார்டில் ஒரு எண்ணைக் காட்டுகிறார். மனையைப் பிடித்து வைக்க 1 லட்சம் ரூபாய் டோக்கன் அட்வான்ஸைத் தன்னுடைய யுபிஐ கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார். பத்திரம் முடிந்ததும் 2 சதவீதம் கமிஷன் தர வேண்டுமாம். அவர் நிஜமாகவே லைசென்ஸ் உள்ளவரா என்று எப்படிப் பார்ப்பது? இல்லை என்று தெரிந்தால் சட்டம் எங்களுக்கு என்ன செய்யும்?

பதில்: முதலில், அந்த 1 லட்சத்தை இப்போது அனுப்ப வேண்டாம். ‘இன்று விட்டால் வேறு ஆள் எடுத்துக்கொள்வார்’ என்று அவசரப்படுத்தினாலும் வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

‘லைசென்ஸ்’ என்று நாம் பேச்சில் சொல்வதைச் சட்டம் ‘பதிவு’ என்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் 2016-ல் வந்தது. அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ரெரா; அதை நடைமுறைப்படுத்தும் மாநில ஆணையத்தையும் பேச்சில் ரெரா என்றே சொல்கிறோம். ஏஜென்ட்டுகள் பதிவு செய்தாக வேண்டும் என்ற பிரிவு 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஹரியானா மாதிரி ஒரு மாநிலம் 2008-லேயே தரகர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டிருந்தது. நம் ஊரிலோ அதுவரை தெரிந்த நாலு பேரும் ஒரு போனும் இருந்தால் போதும், யாரும் புரோக்கர் ஆகலாம். இப்போதும் இந்தப் பதிவை டாக்டர், வக்கீல் பட்டம் போல நினைத்துவிடாதீர்கள். மத்தியச் சட்டத்தில் படிப்போ தேர்வோ கேட்கப்படவில்லை. மகாராஷ்டிராவில் அந்த மாநில ரெரா ஆணையம் 2023-ல் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது, அது நல்ல முன்மாதிரி. சட்டப்படியான பதிவு என்பது, அந்த ஆளின் பெயர், புகைப்படம், முகவரி, பான் எண் எல்லாம் ஆணையத்திடம் இருக்கின்றன, பிரச்சினை வந்தால் பிடித்துக் கேட்க முடியும் என்பதுதான். அவர் காட்டும் நிலத்தில் வில்லங்கம் இல்லை என்பதற்கு அந்தப் பதிவு உத்தரவாதம் ஆகாது.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது அந்த விசிட்டிங் கார்டு எண்தான். ரெராவில் இரண்டு விதமான பதிவு எண்கள் உண்டு. ஒன்று திட்டத்தின் எண், அதாவது அந்த மனைப்பிரிவுக்கு புரமோட்டர் வாங்கியது. இன்னொன்று ஏஜென்ட்டின் சொந்த எண். மனைப்பிரிவின் எண்ணைத் தன் கார்டில் அச்சடித்துவிட்டு ‘நான் ரெரா ஏஜென்ட்’ என்று சொல்லிவிடலாம், கேட்பவருக்கும் வித்தியாசம் தெரியாது. எதிர்ப்பக்கமும் நடக்கிறது: ஏஜென்ட்டுக்குப் பதிவு இருக்கும், விற்கும் மனைப்பிரிவுக்கு இருக்காது. இரண்டும் தனித்தனியாகச் சரியாக இருந்தால்தான் சரி.

சரிபார்ப்பது கடினம் இல்லை, அரை மணி நேர வேலை. பதிவு செய்த ஏஜென்ட்டுகளின் பெயரையும் புகைப்படத்தையும், பதிவு மறுக்கப்பட்டவர்கள், ரத்தானவர்களின் விவரத்தையும்கூட, மக்கள் பார்க்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும் என்பது ஆணையத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கும் கடமை. தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் ஏஜென்ட் பட்டியலுக்குப் போய் அவருடைய பெயரைத் தேடுங்கள். படத்தில் இருப்பவர் அவர்தானா? பதிவு அவர் பெயரில் இருக்கிறதா, ஏதாவது நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா? நிறுவனத்தின் பெயரில் என்றால், அவர் அங்கே வேலை செய்பவர் என்பதற்கு அடையாள அட்டை கேளுங்கள். அண்ணன் பெயரில் இருக்கிறது, பார்ட்னர் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் செல்லாது. பதிவுக்குக் காலவரம்பு உண்டு, புதுப்பிக்காமல் விட்டிருக்கிறாரா என்று தேதியையும் பாருங்கள். பதிவு ஒரு மாநிலத்துக்குள் மட்டும்தான் செல்லும். இங்கே பதிவு செய்தவர் பெங்களூரு திட்டம் ஒன்றை விற்கிறார் என்றால் கர்நாடகப் பதிவு தனியாக வேண்டும்.

அப்புறம், மனைப்பிரிவு எண்ணைத் திட்டங்களின் பட்டியலில் தேடுங்கள். சர்வே எண், மொத்த மனைகள், உங்களுக்குக் காட்டிய மனை எண், பதிவு முடியும் தேதி எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போதே, தன் திட்டத்தை விற்கும் ஏஜென்ட்டுகள் யார் யார் என்று புரமோட்டர் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். பிறகு சேர்ந்தவராகவும் இருக்கலாம். அதனால் புரமோட்டர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு ‘இவர் உங்களுக்காக விற்பவர்தானா?’ என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

‘ரெரா அப்ரூவ்டு’ என்ற சொல்லே தவறானது. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பது இடத்தைப் பொறுத்து சிஎம்டிஏவோ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) டிடிசிபியோதான் (நகர் ஊரமைப்பு இயக்ககம்). ரெரா செய்வது பதிவு. ஆக உங்களுக்கு மூன்று எண்கள் வேண்டும்: அனுமதி எண், திட்டத்தின் பதிவு எண், ஏஜென்ட்டின் பதிவு எண். ‘டிடிசிபி இருக்கிறதே, ரெரா எதற்கு?’ என்று சொல்பவரை நம்ப வேண்டாம். நிலப்பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால், அல்லது வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டால்தான் திட்டப் பதிவில் விலக்கு. 500 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டேகால் கிரவுண்டு. சாலை போட்டு, பூங்காவுக்கு இடம் விட்டுப் பிரிக்கும் மனைப்பிரிவு எதுவும் அதற்குள் அடங்காது.

இந்த ஏஜென்ட் கட்டாயம் பதிவு செய்திருக்க வேண்டுமா? உங்கள் விஷயத்தில் ஆம். சட்டத்தின் விளக்கம் அகலமானது. கமிஷனோ வேறு எந்தப் பெயரிலோ பணம் வாங்கிக்கொண்டு, விற்பவரையும் வாங்குபவரையும் எந்த வழியிலாவது அறிமுகம் செய்து வைத்தாலே அவர் ஏஜென்ட்தான். தரகர், இடைத்தரகர், டீலர், கன்சல்டன்ட் என்று எப்படி அழைத்துக்கொண்டாலும் சரி. ஆனால் பதிவுக் கட்டாயம், பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் புரமோட்டர் விற்கும் மனைக்கும் வீட்டுக்கும்தான் வருகிறது. ஒருவர் பத்து வருடம் குடியிருந்த வீட்டை விற்கிறார், அதற்கு ஒரு புரோக்கர் ஆள் பிடித்துத் தருகிறார் என்றால், ஏஜென்ட் பதிவைக் கட்டாயமாக்கும் 9-ஆம் பிரிவு அங்கே எட்டாது. வாடகை வீடு பார்த்துத் தருபவருக்கும் அப்படியே. இது சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. நம் ஊரில் கைமாறும் பழைய வீடுகளில் ஏமாறுகிறவர்களுக்கு ரெராவின் கதவு திறப்பதில்லை. அவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்கோ சிவில் கோர்ட்டுக்கோதான் போக வேண்டியிருக்கிறது.

பதிவு செய்த ஏஜென்ட்டுக்கு என்ன கடமை என்று 10-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவாகாத திட்டத்தை விற்கக் கூடாது. கணக்கு வழக்குகளை வைத்திருக்க வேண்டும். இல்லாத அனுமதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. புக்கிங் நேரத்தில் உங்களுக்கு உரிமையான தகவல்களும் ஆவணங்களும் கிடைக்க அவர்தான் வழி செய்ய வேண்டும். நடத்திக்கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் தன் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்று 9-ஆம் பிரிவில் இருக்கிறது. எனவே எண்ணைக் கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. ரசீதில் எழுதிக் கொடுங்கள் என்றே கேட்கலாம்.

பதிவே இல்லாமல் விற்றாலோ, இந்தக் கடமைகளை மீறினாலோ என்ன தண்டனை? ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய், அதிகபட்சம் அந்தச் சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை. உங்கள் மனைக்கு 5 சதவீதம் என்பது 1,20,000 ரூபாய். பன்னிரண்டே நாளில் உச்சவரம்பு வந்துவிடும். அந்தப் பணம் அரசுக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. ஏஜென்ட்டுக்கு அபராதம் விழுந்தால் தங்கள் அட்வான்ஸ் திரும்பிவிடும் என்று நம்பி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

டோக்கனை அனுப்ப வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். வாங்குபவர்களிடம் வரும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்பது புரமோட்டருக்கு விதி. விலையில் 10 சதவீதத்துக்கு மேல், அதாவது உங்களிடம் 2,40,000 ரூபாய்க்கு மேல், சார்பதிவாளரிடம் பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் அவர் வாங்கவும் கூடாது. இந்தப் பாதுகாப்பெல்லாம் பணம் புரமோட்டர் கணக்குக்குப் போனால்தான் வேலை செய்யும். ஏஜென்ட்டின் யுபிஐக்குப் போன பணம் இந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. நாளை புரமோட்டர் ‘எனக்கு ஒன்றும் வரவில்லையே’ என்று சொன்னால் நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில். பணத்தைப் புரமோட்டரின் கணக்குக்கே அனுப்பி, மனை எண் போட்ட ரசீது வாங்குங்கள். ரொக்கமாகக் கொடுக்கலாமா என்றால், சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணத்தை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது.

கமிஷனுக்கு வருவோம். 2 சதவீதம் என்பது பழக்கம், சட்டம் எந்த விகிதத்தையும் நிர்ணயிக்கவில்லை. 24 லட்சத்துக்கு 48,000 ரூபாய் ஆகிறது, பேசிக் குறைக்கலாம். அதைவிட முக்கியமாக, புரமோட்டரிடமும் கமிஷன் வாங்குகிறாரா என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் வாங்குகிறவர் விலையைக் குறைத்துத் தர முயற்சி எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இன்றும் நமக்குத் துணை: வேறாகப் பேசாத வரை, வேலை முடிந்த பிறகுதான் ஏஜென்ட்டுக்குக் கூலி, அந்த வேலையில் தவறாக நடந்துகொண்டால் அந்தக் கூலியும் கிடையாது. பதிவில்லாமல் விற்றுக்கொடுத்தவர் கமிஷன் கேட்டு வழக்குப் போட்டால், சட்டம் தடுத்த வேலைக்குக் கூலி கேட்பதில் அவருக்குப் பலமான அடிப்படை இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஒருவேளை இதைப் படிக்கும்போதே பணம் போய்விட்டிருந்தால், வாட்ஸ்அப் உரையாடல், அவர் அனுப்பிய நோட்டீஸ், கார்டின் படம், பணம் அனுப்பிய விவரம் எதையும் அழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதன் நகலைப் புரமோட்டருக்கும் அனுப்புங்கள், இதை நிறையப் பேர் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அசையவில்லை என்றால் ரெரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஏஜென்ட்டுக்கு எதிராகவும் புகார் செய்ய 31-ஆம் பிரிவில் இடம் உண்டு. பொய் சொல்லிப் பணம் பறித்தது தெளிவாக இருந்தால் போலீஸ் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம். ரெரா புகார் நடந்துகொண்டிருப்பது அதற்குத் தடையில்லை.

இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒரு செய்தி அனுப்புவது. ‘உங்கள் பெயரில் உள்ள ரெரா ஏஜென்ட் பதிவு எண், மனைப்பிரிவின் பதிவு எண், புரமோட்டரின் வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் அனுப்புங்கள், பார்த்துவிட்டு நாளை பணம் போடுகிறோம்’ என்று எழுத்தில் கேளுங்கள். முறையாகத் தொழில் செய்பவர் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். கோபப்பட்டாலோ, ‘நம்பிக்கை இல்லையா?’ என்று பேச்சை மாற்றினாலோ, அடுத்த போனை நேராகப் புரமோட்டர் அலுவலகத்துக்குப் போடுங்கள்.