முகத்தை எடுத்தீர்களா, கடையை எடுத்தீர்களா?

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தவணையில் ஒரு மிரர்லெஸ் கேமராவும் 70-300 ஜூம் லென்ஸும் வாங்கி, லீவு நாளில் சௌகார்பேட்டை, பூக்கடைப் பக்கம் போய் மனிதர்களைப் படம் எடுக்கிறேன். போன வாரம் நடைபாதையில் பூ விற்கும் ஓர் அம்மாவை எதிர்ச்சாரியில் நின்று எடுத்தேன். பார்த்துவிட்டார். "யாரைக் கேட்டு எடுக்கிற? முதல்ல அழி அதை" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அழித்துவிட்டு வந்துவிட்டேன். பொது இடத்தில் படம் எடுக்க எனக்கு உரிமை இல்லையா? கேட்டுவிட்டு எடுத்தால் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், இயல்பே போய்விடுகிறது. காசு கொடுத்து எடுப்பது சரியா?
- பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: அழித்தது நல்ல காரியம் தம்பி. அங்கேயே நின்று உரிமை பேசியிருந்தால் இந்தக் கடிதத்தைப் பூக்கடை போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதியிருப்பீர்கள்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். பொது இடத்தில் இருப்பவரைப் படம் எடுக்கக் கூடாது என்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் சொல்லியாகிவிட்டது. ஒருவர் முகத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். குழந்தை என்றால் பெற்றவரைக் கேட்காமல் கேமராவைத் தூக்கவே வேண்டாம். பிளாட்பாரத்தில் தூங்குகிறவர்களை விட்டுவிடுங்கள், அவர்களால் வேண்டாம் என்று சொல்லக்கூட முடியாது.

இப்போது அந்த அம்மாவுக்கு வருவோம். அவர் கோபப்பட்டது தன் முகத்துக்காக என்று நினைக்கிறீர்கள். எனக்கு அதில் சந்தேகம். நடைபாதை வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது. இருந்தும் கார்ப்பரேஷன் லாரி எப்போது வந்து கூடையைத் தூக்கிப் போடுமோ என்ற பயம் அந்தத் தெருக்களை விட்டுப் போகவில்லை. எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு முழ நீள லென்ஸை நீட்டிக் குறிபார்க்கிற ஆள் அவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருப்பார்? நீங்கள் மூக்குத்தியையும் நெற்றிச் சுருக்கத்தையும் எடுத்தீர்கள். தன் ஆறடி இடத்தை எடுத்ததாக அவர் நினைத்திருக்கலாம். சௌகார்பேட்டையும் பூக்கடையும் அடங்கிய ஜார்ஜ் டவுனில் என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி, "எந்த ஆபீஸ் சார்?" என்பதுதான்.

அதனால் அந்த ஜூமை வீட்டில் வைத்துவிடுங்கள். பறவை எடுக்க வேடந்தாங்கல் போகும்போது உதவும். உங்கள் கேமராவில் படம் பதிகிற சென்சார் ஏபிஎஸ்-சி என்கிற சின்ன அளவு என்றால், ஜூம் இல்லாத 35 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். முகம் வேண்டுமானால் நாலைந்து அடிக்குள் போய்த்தான் ஆக வேண்டும். அந்தத் தூரத்தில் பேசாமல் நிற்பதுதான் கஷ்டம்.

நாளும் பார்த்துப் போங்கள். வேலை நாளில் பதினோரு மணிக்கு கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் லோடுமேன்களை நிறுத்தி முகம் கேட்பது பாவம். தலையில் மூட்டை, பின்னால் மூன்று சக்கர மீன்பாடி வண்டி, "வழி வுடு வழி வுடு" என்று சத்தம். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் அடைப்பு. மூடிய ஷட்டர் முன்னால் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர்களுக்குப் பேச நேரம் இருக்கும். போட்டோவாக் என்று கும்பலாகப் படம் எடுக்கக் கிளம்பும் கூட்டத்தோடு மட்டும் போகாதீர்கள். ஒரு கீரைக்கார அம்மாவைப் பதினைந்து லென்ஸ் சுற்றி நிற்கும் காட்சியை ஒருமுறை பார்த்தேன். பார்த்த எனக்கே கூச்சமாக இருந்தது.

விறைப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஃபிலிம் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆண்டர்சன் தெருவில், கல்யாணப் பத்திரிகைக் கடைகள் வரிசையாக இருக்குமே, அங்கே ஒரு பெரியவர் வெற்றுடம்போடு, மடித்துக் கட்டிய வேட்டியில், வாசற்படியில் குனிந்து உட்கார்ந்து அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கேட்காமல் இரண்டு எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தவர் "இருங்க" என்று உள்ளே போனார். சட்டை, கண்ணாடி, பாக்கெட்டில் பேனா, பக்கத்துக் கடைப் பையனிடம் இரவல் வாங்கிய கைக்கடிகாரம், எல்லாம் போட்டுக்கொண்டு வந்து அட்டென்ஷனில் நின்றார். ஃபிலிம் வீணாகிறதே என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டு ஒன்றே ஒன்று எடுத்தேன்.

குனிந்து எண்ணுகிற படத்தை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். "வறுமையின் முகம்" என்று தலைப்புக் கொடுத்துப் போட்டுவிட்டார்கள். நான்கு மாதம் கழித்து பிரிண்ட்டுகளோடு போனபோதுதான் தெரிந்தது, கடையே அவருடையது. மேல் மாடியில் குடும்பம், கீழே வியாபாரம். தலைப்பை மட்டும் நான் காட்டவில்லை. இரண்டு பிரிண்ட்டையும் பார்த்தார். நான் பெருமைப்பட்ட படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதுல நான் எங்கயோ பாக்குறேன், நீங்களே வெச்சுக்குங்க" என்றார். விறைத்து நின்ற படத்தைப் பெரிசு பண்ணித் தரச் சொன்னார். "நாளைக்கு மாலை போட ஒண்ணு வேணும்ல" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து யாராவது தலை வாரிக்கொள்ளப் போனால் நான் காத்திருக்கிறேன். புடவையை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்பதும் இயல்புதான், தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்கிறார். அந்தப் படத்தை மரியாதையாக எடுங்கள். அப்புறம் கேமராவை இறக்கிவிட்டு, முழம் என்ன விலை, பூ கோயம்பேட்டிலிருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது தோள் இறங்கும், கை பூவைத் தொடுக்க ஆரம்பிக்கும். நீங்கள் தேடிய படம் அங்கே கிடைக்கும், அதுவும் கேட்டுக்கொண்டு எடுத்ததாக. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் கறுப்பு வெள்ளையாக்கி, எடிட்டிங்கில் கோடுகளை அழுத்திக் காட்டும் கிளாரிட்டியை நூறுக்கு இழுத்து, சுருக்கத்தையெல்லாம் பாளம் பாளமாக வெடிக்க வைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வெளிச்சம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தங்கசாலைத் தெரு தெற்கு வடக்காக ஓடுகிறது. காலை ஒன்பது மணிக்கு மேற்குச் சாரிக் கட்டடங்கள் மேல் வெயில் அடிக்கும், கிழக்குச் சாரி நிழலில் இருக்கும். அந்த நிழலில் மேற்கே பார்த்து உட்கார்ந்திருப்பவர் முகத்தில் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மெத்தென்று விழும். மாலையில் சாரி மாறும். உச்சி வேளையில் கண்குழியில் நிழல் தங்கிவிடும், போய் டீ குடியுங்கள். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும், அப்போது இன்னும் மோசம். கடை வாசலில் ஆளை நிறுத்தினால் பின்னால் இருட்டு. கேமரா அந்த இருட்டைப் பார்த்துவிட்டு முகத்தை வெளுக்க அடிக்கும். கறுத்த முகத்தை நெருங்கி எடுத்தாலும் இதே கதைதான். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா உள்வாங்கும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் குறைத்தால் அவருடைய நிறம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். தார்ப்பாய்க்கும் பயப்படுங்கள். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் எல்லோரும் குளிரில் விறைத்த மாதிரி இருப்பார்கள், மஞ்சளுக்கு அடியில் காமாலை. இரண்டடி வெளியே வரச் சொன்னால் சரியாகிவிடும். ஷட்டர் வேகம் 1/250 நொடியைவிட மெதுவாகப் போக வேண்டாம், பேசுகிற வாய் அசையும்.

காசு விஷயம். எடுப்பதற்கு முன் நோட்டை நீட்டாதீர்கள், அடுத்து வருகிற பையனுக்கும் விலை வைத்துவிடுகிறீர்கள். அவராகக் கேட்டால் கொடுங்கள், இல்லை கும்பிட்டுவிட்டு நகருங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள். பூ விற்பவரிடம் பூ வாங்கலாமே. அதைவிட நல்லது பிரிண்ட். போஸ்ட்கார்டு சைஸ் பிரிண்ட் போட ஒரு டீக்கு ஆகிற காசுதான் ஆகும். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று நம்பர் வாங்குவதை நான் விரும்புவதில்லை. நாமும் அனுப்ப மறந்துவிடுகிறோம், ஒரு பெண்ணிடம் நம்பர் கேட்பது வேறு வம்பு. ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் இருக்கும் அந்தப் பேயடித்த மாதிரிப் படத்தைத் தவிர வேறு படமே இல்லாதவர்கள் அந்தத் தெருக்களில் நிறைய இருக்கிறார்கள்.

ஆகவே அடுத்த வாரம் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு அதே அம்மாவிடம் போங்கள். "அன்னைக்குக் கேக்காம எடுத்துட்டேன்மா, தப்புதான். எந்த ஆபீசும் இல்ல, ஆசைக்கு எடுக்கிறேன்" என்று சொல்லி இரண்டு முழம் வாங்குங்கள். மறுபடியும் திட்டினால் பூவோடு வீட்டுக்கு வாருங்கள். எடுத்துக்கோ என்று சொன்னால் எடுத்து, அதற்கடுத்த வாரமே பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள், என்னைப் போல நான்கு மாதம் ஆக்காதீர்கள். லேமினேட் பண்ணிக் கொடுங்கள். பூக்கடையில் நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள்.