ஆபரேஷனுக்குப் பின் அம்மா பிதற்றுகிறார், இது பைத்தியமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். 76 வயது அம்மா கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன் ஆன மூன்றாம் நாளிலிருந்து, பொழுது சாய்ந்தால் இறந்துபோன அப்பாவைக் கூப்பிடுகிறார், டியூபைப் பிடுங்குகிறார். காலையில் ஓரளவு தெளிவாக இருக்கிறார். மனநோய் தீரும் என்று நம்பி எல்லோரும் போகிற குணசீலம் கோவிலுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். மூளை கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. பைத்தியமும் இல்லை. நல்லபடியாக இருந்தவர் திடீரென்று குழம்பி, காலையில் தெளிந்து மாலையில் மறுபடி குழம்பினால், அதை டெலிரியம் என்போம். இடுப்பு ஆபரேஷன் ஆன வயதானவர்களுக்கு அடிக்கடி வருவதுதான். உடம்பில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். காரணத்தைப் பிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகலாம். குணசீலத்துப் பெருமாளைக் கால் ஊன்றி நடக்கிற காலத்தில் போய்ச் சேவியுங்கள்.

நாளை ரவுண்ட்ஸ் வரும் டாக்டரை விடாதீர்கள். சிறுநீர் சரியாகப் பிரிகிறதா, அதில் கிருமி இருக்கிறதா, மலம் போய் எத்தனை நாள் ஆயிற்று, ரத்தத்தில் சோடியம் எவ்வளவு, ஆக்சிஜன் எப்படி என்று கேளுங்கள். வலிக்கு மருந்து ஒழுங்காகப் போகிறதா என்றும் கேளுங்கள். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லாத தலைமுறை அது.

வழக்கமாக எல்லோரும் விழுகிற குழி ஒன்று உண்டு. ராத்திரி தூங்கட்டும் என்று மெடிக்கலில் அல்பிரசோலம் என்கிற தூக்க மாத்திரையோ, அவில் என்கிற அலர்ஜி மாத்திரையோ வாங்கிக் கொடுப்பது. குழப்பம் இரட்டிப்பாகும். கையைக் கட்டிலோடு கட்டினாலும் அப்படித்தான், திமிறல் கூடும்.

அப்புறம் ஆஸ்பத்திரி வாசல் ஆள். "மூளைக்குப் போயிடுச்சு சார், திருச்சிக்குக் கொண்டுபோங்க, வண்டி ரெடி" என்பார். கமிஷன் அவருக்கு, புது இடம், புது முகம், கூடுதல் குழப்பம் உங்கள் அம்மாவுக்கு.

ஒன்றே ஒன்றுக்கு விதிவிலக்கு, இதை நிதானமாகப் படியுங்கள். விழும்போது தலையில் அடிபட்டிருந்தாலோ, இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றாலோ, தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டதா என்று இன்றே கேளுங்கள். மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து, விழுந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடத் தெரியவரும். முதல் நாள் ஸ்கேன் சரியாக இருந்தது என்பதால் இப்போதும் சரி என்று ஆகாது. எழுப்பினாலும் கண் திறக்கவில்லை, ஒரு பக்கம் கை கால் விளங்கவில்லை, வாய் கோணுகிறது என்றால் ராத்திரி எத்தனை மணியானாலும் டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மற்றபடி, மூக்குக்கண்ணாடியும் பல்செட்டும் கட்டிலடி மஞ்சப்பையில் கிடக்கும், எடுத்து மாட்டிவிடுங்கள். பார்வையும் பேச்சும் மங்கலாக இருந்தால் யாருக்குத்தான் குழம்பாது? நாளும் இடமும் சொல்லிப் பேசுங்கள். தண்ணீர் அடிக்கடி கொடுங்கள். பகலில் உட்காரவையுங்கள். விடிய விடிய விளக்கெரிகிற வார்டில், தெரிந்த முகத்தையும் வெளியே நிறுத்துவது என்ன நியாயம்? பக்கத்தில் ஒருவர் இருப்பதும் வைத்தியம்தான், சிஸ்டரிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "டெலிரியம் வந்தது" என்று எழுதச் சொல்லி வாங்குங்கள். கேட்காவிட்டால் எழுதமாட்டார்கள். பின்னால் இன்னொரு ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டர் முதலில் பார்க்கவேண்டியது அந்த வரியைத்தான்.