பாம்பு விஷம் ரத்தக்குழாய் அடைப்பைக் குறைக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பதால் ஆஸ்பிரினும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் சாப்பிடுகிறார். பாம்பு விஷத்திலிருந்து பிரித்த ஒரு பொருள் விலங்குகளுக்கு அடைப்பைக் குறைத்ததாகப் படித்ததிலிருந்து, "மாத்திரையை நிறுத்திவிட்டு அது வரும்வரை பொறுக்கலாமே" என்கிறார். என்ன சொல்வது?

பதில்: ஒரு வேளை மாத்திரைகூட நிற்கக் கூடாது. ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. ஆஸ்பிரினைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம்.

ஆனால் அப்பாவின் ஆசையை நான் தள்ளிவிட மாட்டேன். பிரேசிலின் ஜராராக்கா விரியன் கடித்தால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். அதன் விஷத்தை 1960-களில் பிரேசில் விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரைரா ஆராய்ந்ததில் தொடங்கிய வழிதான் கேப்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரையில் வந்து முடிந்தது. அது 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாரடைப்பு நேரத்தில் ஊசியாகப் போடும் டைரோஃபிபான், எப்டிஃபிபடைடு இரண்டும் விரியன் இன விஷப் புரதங்களைப் பார்த்து வடிவமைத்தவை. இவை எதிலும் விஷம் இல்லை. விஷம் கற்றுக்கொடுத்த வடிவம் மட்டுமே உண்டு.

விலங்குச் சோதனையில் என்ன நடக்கிறது தெரியுமா? சுண்டெலிக்கு இயல்பாக இந்த அடைப்பு வராது. மரபணுவை மாற்றி, கொழுப்புத் தீனி போட்டு, சில மாதங்களில் வரவழைக்கிறார்கள். பிறகு மகாதமனியை நீளவாக்கில் கிழித்து விரித்து, சாயம் ஏற்றுவார்கள். கொழுப்புத் திட்டுகள் மட்டும் சிவப்பாகத் தெரியும். மருந்து கொடுத்த எலியிடம் அந்தச் சிவப்பு குறைந்திருந்தால், அதுவே "அடைப்பு குறைந்தது" என்று செய்தியாகிறது. அப்பாவின் திட்டு பல பத்தாண்டுகளாகச் சேர்ந்தது, சுண்ணாம்புகூடப் படிந்திருக்கலாம்.

ஆல்ஃபிமெப்ரேஸ் என்று ஒரு மருந்து இருந்தது. காப்பர்ஹெட் பாம்பின் விஷ நொதியை ஒட்டிச் செய்தது. விலங்குகளில் ரத்தக்கட்டியை வேகமாகக் கரைத்தது. கால் ரத்தக்குழாய் அடைத்த நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனை 2006-இல் தோற்றது. எத்தனை பேர் அதை நம்பியிருந்திருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

விஷம் கலந்தது என்று யாராவது சூரணமோ எண்ணெயோ விற்றால் வாங்காதீர்கள். விஷப் புரதத்தை விழுங்கினால் பெரும்பாலும் வயிற்றிலேயே செரித்துவிடும். கூடவே வேறென்ன கலந்திருக்கிறது என்பதுதான் என் பயம்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: அவர் எதிர்பார்க்கும் வேலையை அவருடைய ஸ்டாட்டினே ஓரளவு செய்கிறது. போதிய அளவில் எடுத்த நோயாளிகளுக்குத் திட்டு சற்றுச் சுருங்கியதை ரத்தக்குழாய்க்குள் அல்ட்ராசவுண்ட் விட்டே பார்த்திருக்கிறார்கள். மனிதர்களிடம்! அதற்கு ரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு நன்றாக இறங்க வேண்டும். இவரைப் போன்றவர்களுக்கு 70-க்குக் கீழே, சிலருக்கு 55-க்கும் கீழே (மி.கி./டெ.லி. அளவில்). கடைசிப் பரிசோதனையில் எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். கூடுதலாக இருந்தால், மாத்திரையின் அளவைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள்.