ரிப்பேர் பில்லைப் பத்திரப்படுத்துங்கள், கியரைத் தொடாதீர்கள்

கேள்வி: மகனின் பிறந்தநாளுக்கு 38,000 ரூபாயில் ரிமோட் கண்ட்ரோல் டிரக் வாங்கினேன். ஒரே மாதத்தில் பின்பக்கம் கரகரவென்று சத்தம் வந்து, மோட்டார் சுற்றியும் சக்கரம் ஓடவில்லை. 'நீங்க ஓட்டின லட்சணம் அப்படி' என்று கடைக்காரர் எல்லோர் முன்னும் அவமானப்படுத்தி, 4,200 ரூபாய் வாங்கிக்கொண்டு சரிசெய்தார். 11-ம் நாள் மறுபடியும் அதே கோளாறு. வீடியோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பதில் இல்லை. கியர் மூடியை நானே கழற்றிவிட்டேன். புது கியரும் ஆர்டர் செய்திருக்கிறேன். நடுவில் சில நாள் 3எஸ் பேட்டரி (மூன்று செல், 2எஸ்ஸைவிட வோல்டேஜ் அதிகம்) போட்டு ஓட்டினோம். 2 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா? – கோவை வாசகர்

பதில்: கடைக்காரர் பேசிய பேச்சை விடுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது அந்த 4,200 ரூபாய் பில் மட்டும்தான். தயாரிப்பிலேயே குறை என்று நிரூபிப்பது பெரும்பாடு. ஆனால் காசு வாங்கிக்கொண்டு செய்த ரிப்பேர் 11 நாள்கூடத் தாங்கவில்லை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று கேட்க இடமிருக்கிறது. வழக்கு என்று போனால் அதில் மட்டும் நில்லுங்கள்.

என் கவலை நீங்கள் ஆர்டர் செய்த புது கியர். அது வந்தால் பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம். குறை பார்த்தவுடன் தெரியாத பொருளை ஆய்வுக்கு அனுப்பிப் பார்க்கச் சட்டத்தின் 38-வது பிரிவு சொல்கிறது. கட்டணமும் புகார்தாரர் தலையில்தான். உடைந்ததை மாற்றிவிட்டால் எதை அனுப்புவீர்கள்? என் கட்சிக்காரர் ஒருவர் ஸ்கூட்டர் பாகத்தை வெளியே மாற்றிவிட்டு, பழையதைக் காயலான் கடையில் போட்டுவிட்டார். எதிர்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: "உடைந்த பாகம் எங்கே?" அத்தோடு வழக்கு படுத்துவிட்டது. நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது; இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பற்கள்தான் உங்கள் சாட்சி. ஸ்பர் கியர் (பெரிய பல்சக்கரம்) சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால், பினியனோடு (மோட்டார் முனையில் இருக்கும் சின்ன பல்சக்கரம்) இடைவெளி சரியாக வைத்துப் பொருத்தவில்லை என்று வாதாடலாம். ஒரே இடத்தில் நாலைந்து பல் மட்டும் வழித்தெடுத்த மாதிரி இருந்தால், சக்கரம் சிக்கி நின்றபோதும் நீங்கள் திராட்டிலை (ரிமோட்டின் வேக விசையை) விடவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். எப்படி இருந்தாலும் இப்போதே போட்டோ எடுத்து, உள்ளே உதிர்ந்த பிளாஸ்டிக் தூளோடு ஒரு கவரில் போட்டு ஒட்டி வையுங்கள். கழற்றிய ஸ்க்ரூக்களும் அதிலேயே இருக்கட்டும்.

அப்புறம் அந்த 3எஸ் பேட்டரி. மேனுவலை எடுத்துப் பாருங்கள். 2எஸ் மட்டும்தான் என்றோ, 3எஸ் போட்டால் சின்ன பினியன் மாற்ற வேண்டும் என்றோ இருந்தால் உங்கள் கை தாழ்ந்துவிடும். அதற்காகப் புகாரில் மறைக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய வீடியோ அவர் போனில் இருக்கிறது. அதில் பேட்டரி லேபிள் தெரிந்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் நுகர்வோர் ஆணையம் நம்பாது.

2 லட்சம் வேண்டாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை; அதற்காக நஷ்டஈட்டுத் தொகையை ஏற்றுகிறார்கள். இதுபோன்ற சின்ன வழக்கில் மன உளைச்சலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில ஆயிரம்தான்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். புகார் கொடுக்கக் கெடு 2 வருடம் இருக்கிறது, அவசரமில்லை. ரிப்பேர் கூலியைத் திருப்பித் தரவும், ஸ்பர், பினியன், பின்பக்க டிஃபரென்ஷியல் (இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர்) மூன்றையும் இலவசமாக மாற்றவும் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள். அவர் ஒத்துக்கொண்டு, 'முழுத் திருப்தி, இனி கோரிக்கை இல்லை' என்று ஒரு தாளை நீட்டினால், கடை வாசலிலேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வண்டியை வாங்கிவந்து 2 வாரம் மகன் ஓட்டட்டும். அதற்குப் பிறகு போடுவதாக எழுதிக் கொடுங்கள்.