முற்பணத்துக்காக அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: பாரிசவாதம் வந்த அம்மாவை உப்புவெளிப் பக்கம் (திருகோணமலை) ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் விட்டிருந்தோம். கனடாவில் இருக்கும் அண்ணாதான் காசு கட்டினார். அங்கே சாப்பாடு சரியில்லை, எனக்கும் அண்ணாவுக்கும் மனக்கசப்பும் உண்டு. போன ஞாயிறு பார்க்கப் போனபோது அம்மாவின் மேல்கை கன்றிப்போயிருந்தது. பராமரிக்கும் பிள்ளை கிட்ட வந்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டா. நிர்வாகம், "கட்டிலால விழுந்தவ" என்கிறது. வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். முற்பணத்தைத் திருப்பித் தர ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அண்ணா படத்தை பேஸ்புக்கில் போடச் சொல்கிறார்.

பதில்: சகோதரி, சாப்பாடு சரியில்லாததும், உங்களுக்கும் அண்ணாவுக்கும் உள்ள மனக்கசப்பும் இந்த விஷயத்தில் சட்டத்துக்குத் தேவையில்லை. தேவையானது அந்தக் கன்றல் ஒன்றுதான். நீங்கள் அனுப்பிய படத்தில் அது மேல்கையின் உட்புறத்தில், விரல் பதிந்த மாதிரி வரிசையாக இருக்கிறது. விழுந்தவருக்கு முழங்காலிலோ முழங்கையிலோ நெற்றியிலோ அடிபடும். மேல்கையின் உட்புறத்தில் இப்படிப் பதிவது அரிது. ஆனால் அதை நான் சொல்லிப் பயனில்லை, காயங்களைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் சட்ட வைத்திய அதிகாரி எழுத வேண்டும். இன்றைக்கே முறைப்பாடு கொடுத்து, பொலிஸ் தரும் படிவத்தோடு மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அம்மாவைக் கொண்டுபோங்கள். நட்டஈட்டு வழக்குப் போட 2 வருடம் இருக்கிறது, ஆனால் கன்றல் சில நாட்களில் மங்கிவிடும்.

அடுத்தது அந்தக் கடிதம். பலர் விழுவது இதில்தான். "காசு கைக்கு வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று வாசிக்காமல் கையெழுத்து வைப்பார்கள். "பராமரிப்பில் எந்தக் குறையும் இல்லை, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி உள்ளே இருக்கும். பிறகு நீதவான் முன்னால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். காயப்பட்டவர் அம்மா. அதைப் பற்றிச் சமரசம் பேசும் உரிமையும் அவருக்குத்தான், உங்களுக்கில்லை. முற்பணத்துக்கு வழக்குப் போடாதீர்கள், செலவு அதைவிடக் கூடிவிடும். கொஞ்சம் குறைத்துத் தந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் "முற்பணம் பெற்றுக்கொண்டேன்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் அந்தப் பற்றுச்சீட்டில் இருக்கக்கூடாது.

பேஸ்புக் வேண்டவே வேண்டாம். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டாலும், சிவில் வழக்கில் மானநட்டம் கேட்கலாம். இணையப் பதிவுகள் பற்றிய 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. வழக்குத் தொடுக்கப் போனவர் எதிராளியாகி நிற்கும் நிலை வரும். அண்ணாவுக்குக் கோபம் இருந்தால், முறைப்பாட்டின் பிரதியைப் திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை உத்தியோகத்தரிடம் கொடுக்கச் செலவு செய்யட்டும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்த இல்லம் பதியப்பட்டதா என்று கேளுங்கள். அங்கே இன்னும் எத்தனையோ அம்மாமார் படுத்திருக்கிறார்கள்.

சாதாரண காயம் என்று முடிவானால் சிறு பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்கு அனுப்பலாம். போங்கள். அம்மா சம்மதித்தால், சிகிச்சைச் செலவையும் அந்தப் பிள்ளையை வேலையிலிருந்து எடுப்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்வது நல்லது. எலும்பு முறிவு கண்டால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

அம்மாவின் வாக்குமூலத்தைக் கட்டிலடியில் வந்து எடுக்கும்படி பொலிஸாரிடம் கேளுங்கள். பக்கத்தில் இருந்து நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் முதலில் உடைவது சொல்லிக்கொடுத்த வசனம்தான். அம்மா திக்கித் திக்கி ஒரு வரி சொன்னாலும் அவர் சொன்னபடியே பதியட்டும்.