யூரோ நெருக்கடியில் கிரீஸ் ஏன் அவ்வளவு அடிபட்டது?

ஐரோப்பிய ஒருங்கிணைப்பு என்றால், போரிட்ட நாடுகள் தங்கள் பொருளாதாரத்தை ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது. 1951-இல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி உள்ளிட்ட 6 நாடுகள் நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தில் வைத்தன. பீரங்கி செய்ய வேண்டியவை அவைதானே! அந்தப் பின்னல் பிறகு யூரோ என்ற பொது நாணயம் வரை போனது.

கடனில் மூழ்கும் நாடு வழக்கமாகத் தன் நாணய மதிப்பைக் குறைக்கும், ஏற்றுமதி மலிவாகும். 2001-இல் தன் சொந்த நாணயமான டிராக்மாவை விட்டு யூரோவுக்கு மாறிய கிரீஸுக்கு, 2010-இல் கடன் கழுத்தை நெரித்தபோது அந்த வழி இல்லை. மற்ற யூரோ நாடுகள் உள்ளிட்டோர் தந்த மீட்புக் கடனுக்கு நிபந்தனையாகச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டினார்கள். 2013-இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. கூட்டுக் குடும்பத்தில் அடுப்பு ஒன்று, கடன் நோட்டு தனித்தனி என்றால் இப்படித்தான். நாஜி ஆக்கிரமிப்புக்கு ஜெர்மனியிடம் இழப்பீடு கேட்கும் பழைய குரலும் கிரீஸில் மீண்டும் எழுந்தது. ஆனால் சண்டை போராகவில்லை, ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸின் பேச்சுவார்த்தை மேசையோடு நின்றது.

மீட்புக் கடன் கிரேக்க மக்கள் கைக்குப் போனதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி பழைய கடன், வட்டி, வங்கிகளுக்கே போனது.